கூட்டமைப்பு எண்டு சொல்லி வாங்கிக் கட்டின கதை

ரெலிபோன் பெட்டியிலை இருந்த சிவப்பு லைற் எல்லாம் ஒரேயடியா எரிஞ்சுது.

நான் மைக்குக்கு முன்னாலை இருந்து அதைப் பாத்திட்டு, ஐயோ, என்னெண்டு சொல்லுறது, அப்பிடி ஒரு சந்தோசம். என்ரை நிகழ்ச்சிக்கு வழமையா வாறது ரண்டு கோல். ஒண்டு, நம்பர் மாறி அடிக்கிற ஆள். மற்றது, எனக்குப் பிறகு வாற பாட்டு நிகழ்ச்சி எப்ப தொடங்கும் எண்டு கேக்கிற ஒரு ஐயா. அண்டைக்கு எண்டால் அத்தனை லைனும் மினுங்குது.

எங்கடை வானொலி ஸ்காபரோவிலை, வெக்ஸ்போர்ட் எண்ட இடத்திலை ஒரு பிளாசாவின்ரை மேல்மாடியிலை. கீழை ரேக்-அவுட் கடை. சனிக்கிழமை காலமை அவை றோல்ஸ் பொரிக்கிற வாசம் படியேறி வந்து ஸ்ரூடியோவுக்குள்ளை குந்திக்கொள்ளும். கதவைச் சாத்தினாலும் விடாது. நான் உலகச் சரித்திரம் சொன்னது முழுக்க அந்த வாசத்துக்குள்ளைதான். இப்பவும் ஆராவது மாசாசூசெட்ஸ் எண்டு சொன்னால் எனக்குப் பசிக்கும்.

கண்ணாடிக்கு அங்காலை செல்வம் அண்ணை இருந்தார். வானொலிக்கு முதலாளியும் அவர்தான், பட்டன் அமத்திறதும் அவர்தான். "எடுக்கட்டோ?" எண்டு கையாலை கேட்டன். தலையை ஆட்டினார். முகம் சரியில்லை. நான் இருந்த சந்தோசப் புளுகத்திலை அதைக் கவனிக்கேல்லை.

"வணக்கம், சொல்லுங்கோ, ஆர் கதைக்கிறியள்?"

"நான் ஆர் எண்டது இருக்கட்டும் தங்கச்சி. நீர் ஆரைச் சொல்லுறீர் எண்டு எங்களுக்கு விளங்கேல்லை எண்டு நினைக்கிறீரோ?"

"அமெரிக்காவைச் சொல்லுறன் ஐயா."

"அமெரிக்காவோ! நல்ல அமெரிக்கா!"

டொக்கெண்டு வைச்சிட்டார்.

சனிக்கிழமை மட்டும் வேறை ஆள்

போன கிழமை என்ரை பத்தியை வாசிச்சிட்டு மிசிசாகாவிலை இருந்து ஒரு வாசகி, "நீங்கள் டொக்டரோ?" எண்டு கேட்டிருந்தா. இல்லையம்மா. நான் பல் டொக்டரின்ரை கிளினிக்கிலை றிசெப்சன். திங்கள் தொடங்கி வெள்ளி மட்டும் அடுத்தவையின்ரை பல்லைப்பற்றி ஆறுதலாக் கதைக்கிறது என்ரை தொழில். இன்னொராள், "ஏன் எழுத்துத் தமிழிலை எழுதேல்லை?" எண்டு கேட்டிருந்தார். பத்திரிகை ஆசிரியரும் முதல் கிழமை திருத்தித்தான் பாத்தவர். திருத்தினதை வாசிச்சால் நான் செத்தாப்பிறகு ஆரோ எழுதின மாதிரி இருந்துது. வேண்டாம் எண்டிட்டன்.

செத்தது எண்டாப்போலை ஞாபகம் வருது. வானொலிக்கு நான் போனதே மரண அறிவித்தல் வாசிக்கத்தான்! வழமையா வாசிக்கிறவவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஒரு நாளைக்கு வந்து உதவு எண்டு செல்வம் அண்ணை கேட்டார். நான் சும்மா வாசிச்சிட்டு வந்திருக்கலாம். செத்தவர் எந்த ஊரோ, அந்த ஊரின்ரை பழைய துறைமுகக் கதை ஒண்டையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன். அவற்றை குடும்பம் கோல் எடுத்து, இன்னொருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுது. செல்வம் அண்ணை, "உமக்குள்ளை ஏதோ கிடக்கு ரஞ்சி" எண்டு சொல்லி, சனிக்கிழமையிலை இருபது நிமிசம் தந்தார்.

என்ன கிடந்தது எண்டு எனக்குத் தெரியும். நான் கம்பசுக்கு எடுபட்டு, சரித்திரம் படிக்கப் போறன் எண்டு புதுச் சட்டையெல்லாம் தைச்சு வைச்சிருந்தனான். இடம்பெயர்விலை சட்டையும் போச்சு, கம்பசும் போச்சு. அதை இப்ப இழுத்துவைச்சு அழப்போறதில்லை. ஆனா அந்த இருபது நிமிசம் எனக்கு எவ்வளவு பெரிசு எண்டு உங்களுக்குத் தெரியவேணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. கிழமையிலை அந்த நேரம் மட்டும்தான் நான் ஆகவேணும் எண்டு நினைச்ச ஆளா இருந்தன்.

அகராதி செய்த வேலை

அண்டைக்கு எடுத்த கதை நல்ல கதை. அமெரிக்கா இங்கிலீஸ்காரனோடை சண்டை பிடிச்சுச் சுதந்திரம் எடுத்த புதுசு. மாசாசூசெட்ஸின்ரை மேற்குப் பக்கத்திலை விவசாயிகள். சண்டைக்குப் போய் வந்தவைதான் கனபேர், சம்பளம் ஒழுங்காக் கிடைக்கேல்லை. வீட்டை வந்தால் கடன் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம். கட்டாட்டி நீதிமன்றம் காணியை எடுக்கும், ஆளை மறியல்சாலைக்குள்ளை பூட்டும். மனுவுக்கு மேலை மனுக் குடுத்துப் பாத்தினம். ஒருத்தரும் காதிலை போடேல்லை.

கடைசியா என்ன செய்திச்சினம் தெரியுமோ? கூட்டமாப் போய் நீதிமன்ற வாசல்லை நிண்டிட்டினம். நீதவான் உள்ளை போனால்தானே வழக்கு? வழக்கு நடந்தால்தானே காணி போகும்? அவைக்கு முன்னுக்கு நிண்டவர், போரிலை கப்டனா இருந்த ஒரு விவசாயி. அவற்றை பேரை நான் மைக்கிலை ஒவ்வொருக்கா ஒவ்வொரு மாதிரிச் சொன்னபடியால் இஞ்சை எழுதேல்லை.

அப்ப அமெரிக்காவுக்கு இப்ப இருக்கிறமாதிரி ஜனாதிபதி இல்லை. பதின்மூண்டு மாநிலம் சேர்ந்து செய்த ஒரு தளர்வான ஏற்பாடு, அவ்வளவுதான். அதுக்குத் தமிழ்ச் சொல் என்ன எண்டு அகராதியைப் புரட்டினன். கூட்டமைப்பு எண்டு கிடந்துது. நானும் நம்பினன்.

மைக்கிலை சொன்னதை அப்பிடியே எழுதுறன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ.

"நேயர்களே, இந்தக் கூட்டமைப்பு எண்டதுக்குப் பேர்தான் பெரிசு. கையிலை ஒண்டும் இல்லை. வரி அறவிட அதிகாரம் இல்லை, தாங்கோ எண்டு கேக்கத்தான் ஏலும். அவசரத்துக்கு அனுப்பப் படை இல்லை. தலைவர் எண்டு ஒருத்தர் இருந்தார், கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறதைத் தவிர அவருக்குப் பெரிசா வேலை இல்லை. அரசியல் யாப்பிலை ஒரு சொல்லை மாத்தவும் பதின்மூண்டு பேரும் ஓம் சொல்லவேணும். மற்ற எல்லாரும் ஓம் எண்டாலும் ஒரு சின்னத் தீவு மாட்டன் எண்டு நிக்கும். விவசாயி வாசல்லை வந்து நிக்கேக்கைதான் கூட்டமைப்பு வெறுங்கோது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுது."

சின்னத் தீவு எண்டு நான் சொன்னது றோட் ஐலண்டை. அது முழுத் தீவும் இல்லை, பேர்தான் அப்பிடி. இங்கிலீஸ் பேரைக் குறைப்பம் எண்டு தமிழாக்கினன். தமிழ்ப்பற்று, வேறை என்ன!

இப்ப கேளுங்கோ. ஸ்காபரோவிலை எங்கடை ஊர்ச் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைச்சிருக்கினம். எத்தினை சங்கம்? பதின்மூண்டு. தலைவர் ஆர்? என்ரை சொந்த அக்காவின்ரை புருசன், பரா அத்தான். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறதைத் தவிர அவருக்கு... சரி, விடுங்கோ. எதைச் செய்யிறதெண்டாலும் பதின்மூண்டு சங்கமும் ஓம் சொல்லவேணும். ஒற்றுமை குலையக்கூடாது எண்டு நல்ல மனசோடை போட்ட விதிதான் அது. எங்கடை ஆக்கள் ரண்டு பேர் சந்திச்சால் ரீ குடிப்பினம், மூண்டு பேர் சந்திச்சால் யாப்பு எழுதுவினம்.

மாட்டன் எண்டு சொல்லுற சங்கமும் ஒண்டு இருக்கு. தீவுப்பகுதிச் சங்கம். செயலாளர் மரியநாயகம் அங்கிள்.

பிள்ளையார் மேலை ஆணை, நான் அவையை நினைச்சுச் சொல்லேல்லை.

அதுவும் போதாதெண்டு எங்கடை கூட்டமைப்பிலை விவசாயியும் இருந்தினம்! ஒஷாவாவுக்கு வடக்கை ஒரு தோட்டக்காணியைக் கூட்டமைப்பு எடுத்து வைச்சிருந்துது. கோடையிலை விரும்பின ஆக்கள் பாத்தி பிரிச்சுக் கத்தரி, மிளகாய், பயித்தங்காய் எல்லாம் வைப்பினம். தண்ணிப் பைப் ஒண்டே ஒண்டு, றோட்டுக்கரையிலை. பின்பாத்திக்காரர் வாளியோடை நடந்து நடந்து களைச்சுப்போய், பின்னுக்கும் ஒரு பைப் இழுத்துத் தாங்கோ எண்டு ரண்டு கோடையாக் கேட்டுக்கொண்டிருந்தினம். தீவுச் சங்கத்துக்குப் பாத்தி முன்னுக்கு. பின்னுக்குப் பைப் போனால் முன்னுக்குத் தண்ணி நூலாத்தான் வரும் எண்டு மரியநாயகம் அங்கிள் மாட்டன் எண்டு நிண்டார். அவர் சொன்னதிலையும் ஞாயம் இல்லாமல் இல்லை.

அண்டைக்குக் கடைசிக் கோல் அவற்றைதான்.

"சின்னத் தீவோ, பிள்ளை? எங்களைப் பாத்தால் சின்னத் தீவாத் தெரியுதோ?"

"அங்கிள், அது றோட் ஐலண்ட்..."

"எந்த றோட்டு எண்டு எங்களுக்குத் தெரியும்!"

நிகழ்ச்சி முடிய செல்வம் அண்ணை உள்ளை வந்தார். பாவம், அவருக்கும் வாய் வரேல்லை. "ரஞ்சி, வானொலி எல்லா ஊராருக்கும் பொது. ஒரு ஊரார் மனம் நொந்தாலும் நான் நிகழ்ச்சியைக் கொண்டுபோக ஏலாது. வாற சனிக்குள்ளை மரியநாயகம் தன்ரை வாயாலை பிரச்சினை இல்லை எண்டு சொல்லவேணும். இல்லாட்டி அண்டையோடை நிப்பாட்டுவம்."

பாத்தியளோ? அங்கையும் அதே விதி!

பக்கவாசல்

அடுத்தநாள் ஞாயிறு. மத்தியானம் அக்கா கோல் எடுத்தா.

"எடி, உன்ரை விவசாயி எல்லாம் என்ரை வீட்டுப் பக்கவாசல்லை நிக்கினம்!"

கூட்டமைப்புக் கூட்டம் யூனியன்வில்லிலை அத்தான் வீட்டு பேஸ்மென்டிலைதான் நடக்கும். பேஸ்மென்டுக்குப் போறது பக்கவாசலாலை. நான் போய்க் காரை விட்டிட்டுப் பாக்கிறன், பக்கவாசல்லை மடக்குக் கதிரை போட்டுப் பின்பாத்திக்காரத் தவமணி அன்ரி குந்தியிருக்கிறா. மடியிலை மண்வெட்டி. அவவுக்குப் பின்னாலை மற்றப் பின்பாத்திக்காரர் முழுப்பேரும் பூவாளியும் கையுமா வரிசையா நிக்கினம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, பூக்கண்டு விக்கினமாக்கும் எண்டு நினைச்சுப் பேர்ஸை எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறா.

"என்ன அன்ரி இது?"

"நீர்தானே பிள்ளை சொன்னனீர், மனுக் குடுத்துச் சரிவராட்டி வாசலை மறிக்கவேணும் எண்டு. நல்ல யோசினை."

"ஐயோ அன்ரி, அது யோசினை இல்லை, சரித்திரம்!"

அத்தான் கராஜ் வாசல்லை நிண்டார். என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தொண்டர்களைக் கூப்பிடுங்கோ, வாசலைத் துப்புரவாக்கட்டும்" எண்டு சொன்னார். ஒருத்தரும் அசையேல்லை. கூட்டமைப்பு விழாவுக்குக் கதிரை தூக்கிற தொண்டர்கள் எல்லாரும் பூவாளியோடை வாசல்லை நிண்டினம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. மாசாசூசெட்ஸிலையும் இதேதான்! உள்ளூர்ப் படையைக் கூப்பிட்டால், அதிலை கனபேர் விவசாயியின்ரை பக்கம் போய் நிண்டிட்டினம்.

"மற்ற ஆக்கள் எங்கை?" எண்டு அக்காவைக் கேட்டன்.

"டிரைவ்வேயிலை. மரியநாயகம் அண்ணை மட்டும் நேரத்தோடை வந்து உள்ளை இருக்கிறார்."

நினைச்சுப் பாருங்கோ. கூட்டமைப்பு முழுக்க வெளியிலை வெய்யிலுக்கை. மாட்டன் எண்டு சொல்லுற ஆள் மட்டும் உள்ளை, ஒரு தட்டு றோல்ஸோடை.

அரைக் கதையிலை வந்த கலகம்

"பேந்து என்ன நடந்தது பிள்ளை? எங்களை என்ன செய்வினம்?" எண்டு தவமணி அன்ரி கேட்டா. அப்பதான் எனக்கு உறைச்சுது. பாட்டு நிகழ்ச்சிக்கு நேரம் வந்திட்டுது எண்டு, வாசலை மறிச்ச இடத்தோடை கதையை நிப்பாட்டி, மிச்சம் வாற சனி எண்டு சொன்னனான். சனம் மிச்சம் கேக்காமலே கலகத்துக்கு வெளிக்கிட்டிட்டுது!

வேறை வழியில்லை. டிரைவ்வேயிலை நிண்டு மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினன்.

நடுவண் கூட்டமைப்பாலை ஒரு படையையும் நேரத்துக்கு அனுப்ப ஏலாமல் போச்சு. பொஸ்ரன் பக்கத்துப் பணக்காரர் தங்கடை காசைப் போட்டு ஒரு படை சேர்த்தினம். விவசாயிகள் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போச்சினம். அங்கை காவலுக்கு நிண்டவை பீரங்கி அடிச்சினம். சிலர் செத்தினம், மிச்சப்பேர் பனிக்குள்ளாலை சிதறி ஓடிச்சினம்.

தவமணி அன்ரியின்ரை முகம் விழுந்துபோச்சு. "அப்ப தோத்துப்போச்சினமோ?"

"ஓம் அன்ரி, தோத்துப்போச்சினம். ஆனா பயந்தது மற்றப் பக்கம். கனபேருக்கு மன்னிப்புக் குடுத்திச்சினம். அடுத்த தேர்தலிலை சனம் ஆளுநரைத் தூக்கி எறிஞ்சுது, வரியையும் குறைச்சினம். இந்த ஏற்பாடு சரிவராது எண்டு சிலர் முதலே சொல்லிக்கொண்டுதான் இருந்தவை. ஆனா விவசாயி வந்து வாசலை மறிக்கும் வரைக்கும் ஒருத்தருக்கும் அவசரம் இருக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் எல்லாரும் பிலடெல்பியாவிலை கூடி, வரி அறவிடவும் படை வைச்சிருக்கவும் ஏலுமான ஒரு அரசாங்கத்துக்குப் புது யாப்பு எழுதினது. பதின்மூண்டிலை ஒம்பது மாநிலம் ஓம் எண்டால் காணும், அதுவே போதும் எண்டு முடிவெடுத்திச்சினம்."

அத்தானின்ரை தலை மெல்லத் திரும்பிச்சுது. யாப்பு எண்ட சொல்லைக் கேட்டால் அவராலை கோவமா இருக்க ஏலாது.

"ஒம்பது காணுமோ?"

"அவைக்குக் கண்டுது அத்தான்."

"ஆனா பழைய யாப்பிலை பதின்மூண்டும் வேணும் எண்டெல்லோ இருந்திருக்கும்?"

"இருந்தது. திருத்தப் போறம் எண்டு கூடிப்போட்டு, பழசை ஒரு பக்கம் வைச்சிட்டுப் புதுசா எழுதிப்போட்டினம்."

"அடி சக்கை!" எண்டார் அத்தான். என்னோடை கோவம் எண்டதையே மறந்துபோனார்.

டிரைவ்வேயிலையே கூட்டம் நடந்துது. ஒம்பது சங்கம் ஓம் எண்டால் காணும் எண்டு கை உயர்த்திச்சினம். முன்பாத்திக்குத் தனி வால்வு வைச்சுப் பின்னுக்குப் பைப் இழுக்கிறது எண்டதுக்கும் கை உயர்த்திச்சினம். முன்னுக்குத் தண்ணி குறையாமல் இருக்கத் தனி வால்வு எண்டது தவமணி அன்ரி சொன்ன யோசினை. பிறகுதான் அவ கதிரையை மடக்கினா.

நிலத்தோடை ஒட்டின பேஸ்மென்ட் யன்னலுக்குள்ளாலை ஒரு குரல் வந்துது. "நான் உதுக்கு ஓம் சொல்லமாட்டன்!"

கதவு திறந்து மரியநாயகம் அங்கிள் வெளியிலை வந்தார். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. என்னைத் தாண்டிப்போகேக்கை ஒரு பார்வை பாத்தார். என்ரை இருபது நிமிசம் அவற்றை காரிலை ஏறிப் போகுது எண்டு எனக்குத் தெரிஞ்சுது. பைப் வந்திட்டுது, எனக்கு நிகழ்ச்சி இல்லை.

எல்லாருக்கும் பிறகு

அந்தக் கிழமை முழுக்க கிளினிக்கிலை ரெலிபோன் அடிச்ச நேரமெல்லாம் அவர்தானோ எண்டு எடுத்தன். எல்லாம் பல்லுக்குத்து.

சனிக்கிழமை, உள்ளதிலை நல்ல சட்டையாப் பாத்துப் போட்டுக்கொண்டு போனன். கடைசி நாளெண்டாலும் வடிவாப் போவம் எண்டுதான். செல்வம் அண்ணை கண்ணாடிக்கு அங்காலை என்னைப் பாக்காமல் ரீ குடிச்சார். நான் மிச்சக் கதையைச் சொன்னன். கூட்டமைப்பு எண்ட சொல்லை வாயிலையே எடுக்கேல்லை. 'அந்த ஏற்பாடு, அந்த ஏற்பாடு' எண்டு சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோச்சு. லைற் ஒண்டும் எரியேல்லை.

முடிய ஒரு கொஞ்ச நேரம் இருக்கேக்கை ஒரே ஒரு லைற் எரிஞ்சுது.

"வணக்கம், ஆர் கதைக்கிறியள்?"

"மரியநாயகம். தீவு."

மைக்கைக் கிட்ட இழுத்தன். "சொல்லுங்கோ அங்கிள்."

"ஒண்டு கேக்கவேணும். அந்தச் சின்ன மாநிலம் கடைசியா என்ன செய்தது? நீர் அதைச் சொல்லேல்லை."

மெய்தான். பயத்திலை அந்தப் பகுதியை விட்டிட்டன்.

"பிலடெல்பியாக் கூட்டத்துக்கே அது போகேல்லை அங்கிள். மற்ற மாநிலம் எல்லாம் ஒவ்வொண்டாச் சேர்ந்துது. புது அரசாங்கம் தொடங்கி, ஜனாதிபதி வந்தாப் பிறகும் அது வெளியிலைதான் நிண்டுது."

"சேரவே இல்லையோ?"

"சேர்ந்தது. எல்லாருக்கும் பிறகு. அதுவும் மயிரிழையிலை."

"பிந்தி வந்ததெண்டு அதைத் தள்ளி வைச்சவையோ?"

"இல்லை அங்கிள். அவையின்ரை கொடியைப் பாருங்கோ, முதல் பதின்மூண்டு மாநிலத்துக்கும் பதின்மூண்டு கோடு இருக்கு. பிந்தி வந்ததின்ரை கோடு எது எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது."

கீழை எண்ணெய்க்குள்ளை றோல்ஸ் விழுற சத்தம் கேட்டுது. செல்வம் அண்ணை ரீக் கோப்பையைக் கீழை வைச்சிட்டார்.

"அப்ப அந்த ஒம்பது விதிக்கு நாங்களும் வாறம் எண்டு பராவிட்டைச் சொல்லும்" எண்டார் மரியநாயகம் அங்கிள். "ஆனா எல்லாருக்கும் பிறகுதான் வருவம். செல்வத்திட்டையும் சொல்லும், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு."

நன்றி எண்டு சொன்னனோ, இல்லையோ, தெரியாது. அழுதன், அதுமட்டும் தெரியும். நேரம் முடிஞ்சும் போச்சு. பாட்டு நிகழ்ச்சி தொடங்கவேணும், செல்வம் அண்ணையின்ரை கை பட்டனிலை நிண்டுது. அப்ப பாத்து இன்னொரு லைற் எரிஞ்சுது. எடுத்தால், ஒவ்வொரு சனியும் பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேக்கிற அந்த ஐயா.

"இந்தா தொடங்கப் போகுது ஐயா" எண்டன், கண்ணைத் துடைச்சுக்கொண்டு.

"அது கிடக்கட்டும் பிள்ளை" எண்டார் அவர். "அந்தத் தீவு ஏன் அவ்வளவு பிந்திச்சுது எண்டு சொல்லிப்போட்டுப் பாட்டைப் போடுங்கோ."

செல்வம் அண்ணை பட்டனிலை இருந்து கையை எடுத்தார்.